தடம் முடிவாகும் முன்பே மண்ணைப் பாருங்கள்: நெடுஞ்சாலை, தொல்லியல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் திட்ட அலுவலர்கள், தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள், தமிழ்நாடு தொல்லியல் துறை, இந்தியத் தொல்லியல் துறை, கடலூர், புதுச்சேரி மாவட்ட ஆட்சியர்கள் ஆகியோரின் கனிவான கவனத்திற்கு,

வணக்கம்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் செல்லும் நான்குவழிச் சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நான்குவழிச் சாலையும் இந்த வட்டாரத்து மக்கள் பல ஆண்டுகள் காத்திருந்த சாலைகள். பலாப்பழ லாரியும், கரும்பு டிராக்டரும், ஜிப்மருக்கு நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்சும் ஒரே குறுகலான தார்ச்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். சாலை வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் எங்களில் எவருக்கும் இல்லை. நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், பண்ருட்டி வட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையிலும் நான் தங்கள் முன் வைக்கும் கோரிக்கை இதுதான்: இனி இந்தப் பகுதியில் திட்டமிடப்படும் ஒவ்வொரு புறவழிச்சாலைக்கும் அகலப்படுத்தும் பணிக்கும், தடம் இறுதியாவதற்கு முன்பே தொல்லியல் கள ஆய்வு நடத்தப்பட வேண்டும், அந்த ஆய்வு, சாலை கடந்து போகும் நிலத்தோடு சாலைக்காக மண் வெட்டப்படும் நிலத்தையும் பார்க்க வேண்டும்.

புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டை உலகமே அறியும். ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும், இத்தாலியில் வனையப்பட்ட அரெட்டைன் மட்கலங்களும், இங்கேயே அறுத்துத் துளையிட்ட மணிகளும் அங்கே கிடைத்தன. ஆனால் அந்த இடம் அறியப்பட்ட விதத்தை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காக 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்தீய் அங்கிருந்த பழைய செங்கல் சுவர்களைப் பற்றி எழுதி வைத்தார். அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் அங்கே முறையாக ஆராயவில்லை. 1930களில் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ராய் அங்கு கிடைத்த பொருள்களை வைத்து ரோமானியத் தொடர்பை உணர்ந்தார். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தொடர்ந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஊரார் வீடு கட்டச் செங்கல் பெயர்த்துச் சென்றார்கள். ஆறும் தன் பங்குக்குக் கரையை அரித்தது. ஓர் இடம் இருப்பது தெரிந்தும் பார்க்கத் தாமதித்ததன் இழப்பு இது. இருப்பதே தெரியாத இடங்களின் நிலையைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அரிக்கமேடு தனித்து நின்ற ஊரும் அன்று. கடலூருக்குத் தெற்கே காரைக்காட்டில் 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது அரிக்கமேட்டில் கிடைத்த அதே ரௌலட்டட் வகை (உருளியால் புள்ளிக்கோலம் பதித்த) மட்கல ஓடுகள் அங்கும் கிடைத்தன. இன்று அந்தப் பக்கம் சிப்காட் தொழிற்சாலைகள் நிற்கின்றன. புதுச்சேரியின் முத்திரப்பாளையத்திலும் சுத்துக்கேணியிலும் கசால் பெருங்கற்கால ஈமக்காடுகளைத் தோண்டிப் பார்த்தார். பண்ருட்டிக்கு அருகே மாளிகைமேட்டில் 1999–2000இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. மருங்கூரில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த மட்கலங்கள் கிடைத்ததை அடுத்து 2024இல் அதே துறை அங்கு முறையான அகழாய்வைத் தொடங்கியது. இவையெல்லாம் வரைபடத்தில் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிகின்றன. அந்தக் காலத்தில் ஒரு துறைமுகத்துக்கும் உள்நாட்டு ஊருக்கும் இடையே வண்டிப்பாதையும், தங்கும் ஊர்களும், சூளைகளும், கிணறுகளும், இடுகாடுகளும் இருந்திருக்கத்தான் வேண்டும். புள்ளிகளுக்கு நடுவே உள்ள அந்த நிலத்தின் மீதுதான் நாம் சாலை போடுகிறோம்.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலம் நெல்லுக்கு ஆகாதது. முந்திரியும் பலாவும் சவுக்கும்தான் அங்கே வளரும். பெருங்கற்கால மக்கள் விளைநிலத்தை விட்டுவிட்டு, தண்ணீர் தேங்காத இப்படிப்பட்ட மேட்டையே தங்கள் இறந்தோருக்குத் தேர்ந்தார்கள். முந்திரித் தோப்பில் சருகு மூடிக் கிடப்பதால் சாதாரண நாளில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்து தோப்புகளைச் சாய்த்தபோது, வேரோடு பெயர்ந்த மரங்களின் குழிகளில் கறுப்பு சிவப்பு ஓடுகள் மண்ணோடு பிடுங்கப்பட்டுக் கிடந்ததை நானும் என்னோடு சேதக் கணக்கெடுக்க வந்தவர்களும் பார்த்தோம். வாய்ப்பகுதியும் உட்புறமும் கறுப்பாகவும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பாகவும், கையால் தடவினால் வழுவழுப்பாகவும் இருக்கும் அந்த ஓட்டை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்தவர் பிறகு எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுகொள்வார். சேதக் கணக்கில் மரங்களுக்குப் பத்தி இருந்தது. ஓடுகளை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

இதே செம்மண் மேடுதான் சாலைக்கு மண் தருகிறது. தாழ்வான வயல்வெளியில் போகும் நான்குவழிச் சாலைக்குக் கரை எழுப்ப வேண்டும். கரையின் சராசரி அகலத்தை 25 மீட்டர் என்றும் உயரத்தை 2 மீட்டர் என்றும் குறைத்து வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோமீட்டருக்கு 50,000 கன மீட்டர் மண் தேவைப்படும். டிப்பர் ஒன்றுக்கு 12 கன மீட்டர் என்றால் நான்காயிரம் லோடுக்கு மேல். அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பதைத் திட்ட அறிக்கை தூரக் கணக்காகவும் தரக் கணக்காகவும் மட்டுமே பார்க்கிறது. அப்படி மண் வெட்டப்பட்ட ஒரு கிராவல் குவாரியின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக வெட்டி நிறுத்திய செம்மண் சுவரில், தரையிலிருந்து முழங்கை ஆழத்தில் பானையின் தடித்த விளிம்பு இரண்டு இடங்களில் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் கீழே தாழியின் வளைவு அரைவட்டக் கோடாக இறங்கியது. உள்ளே நிறைந்திருந்த மண் மட்டும் சுற்றியிருந்த மண்ணைவிடக் கறுத்து, பொலபொலவென்று இருந்தது. தாழியின் மறுபாதி ஏற்கெனவே டிப்பரில் போய்விட்டது. அங்கிருந்த பொக்லைன் ஓட்டுநர் அதை மதமதக்கத் தாழி, அதாவது இறந்தோரைப் புதைத்த முதுமக்கள் தாழி, என்று சரியாகவே சொன்னார். சொல்வதற்கு யாரிடம் போவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு நாள் கணக்கில் கூலி, லாரிக்கு லோடு கணக்கில் வாடகை.

சட்டம் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும் அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வைத்திருக்கின்றன. விழுப்புரம்–புதுச்சேரிச் சாலையை ஒட்டியுள்ள திருபுவனை, திருவாண்டார்கோயில் போன்ற கற்றளிகளுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. மாநில அளவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இரண்டும் அறிவிக்கை செய்யப்பட்ட இடத்துக்கே பொருந்தும். அறிவிக்கை செய்ய வேண்டுமானால் யாராவது முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பொன்னையும் வெள்ளியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் முன் உடைந்த பானை ஓட்டுக்கு என்ன மதிப்பு?

சுற்றுச்சூழல் அனுமதியும் இந்த இடைவெளியை அடைக்கவில்லை. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையும் அதன் திருத்தங்களும், அகலப்படுத்தும் பணி 100 கிலோமீட்டரைத் தாண்டி, கூடுதலாக எடுக்கும் நிலமும் குறிப்பிட்ட அகலத்தைத் தாண்டினால்தான் தேசிய நெடுஞ்சாலைக்கு முன் அனுமதி கேட்கின்றன. கேட்கும்போதும், சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடங்கள் அருகில் உண்டா என்பதே கேள்வி. பட்டியலில் இல்லாத மேடு அந்தப் படிவத்துக்குள் வரவே வராது. சாலை, ரயில்பாதை போன்ற நீள்திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க முன் அனுமதியே தேவையில்லை என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எவ்வளவு மண், எந்த இடம், யார் எடுப்பது என்ற வரையறை எதுவுமின்றிப் பொத்தாம்பொதுவாக விலக்கு அளிக்க முடியாது என்ற அந்தத் தீர்ப்பின் உணர்வை, மண்ணுக்குள் இருக்கும் மரபுக்கும் நீட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எஞ்சியிருப்பது ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு. நெடுஞ்சாலை ஒப்பந்தங்களில், பணியிடத்தில் தொல்பொருளோ புதைபடிவமோ கிடைத்தால் அவற்றின் மீது ஒப்பந்தக்காரருக்கு உரிமை இல்லை என்றும், சேதமின்றிப் பாதுகாத்து ஆணையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுத்தில் குறையில்லை. நடைமுறையில், இரவு விளக்கு வெளிச்சத்தில் மண் வெட்டும் ஓர் இயந்திர ஓட்டுநரின் கண்ணையும் மனச்சாட்சியையும் மட்டுமே அது நம்பியிருக்கிறது. தெரிவித்தால் பணி நிற்கும், பணி நின்றால் கால அட்டவணை தவறும், தவறினால் அபராதம். தெரிவிக்காதவருக்கு எந்த இழப்பும் இல்லை. வேலை தொடங்கிய பிறகு கண்டுபிடிப்பது எல்லோருக்கும் கெடுதல் என்பதால்தான், வேலை தொடங்கும் முன் தேட வேண்டும் என்கிறேன்.

முன்கூட்டித் தேடுவதற்கான கருவிகளில் பெரும்பகுதி தங்கள் கையிலேயே இருக்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும்போதே, மண்ணின் தாங்குதிறனை அறியத் தடம் நெடுகிலும் சோதனைக் குழி தோண்டுகிறீர்கள். குழியிலிருந்து மூட்டையில் மண் அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, சற்று நேரத்தில் குழியை மூடிவிடுகிறார்கள். அந்தக் குழியின் நான்கு பக்கச் சுவர்களையும், வெளியே கொட்டிய மண்ணையும் பயிற்சி பெற்ற தொல்லியலாளர் ஒருவர் பார்த்துப் படமெடுத்துக் குறிப்பெழுதக் கால் மணி நேரம் போதும். ஓடு இருக்கிறதா, சாம்பல் அடுக்கு இருக்கிறதா, பழைய செங்கல் இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதுபோலவே, ட்ரோனும் லிடாரும் (லேசர் ஒளியால் தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி) கொண்டு எடுக்கும் தரைமட்ட அளவுகள் வெள்ள நீர் போகும் வழியைக் கணிக்கத்தான் இப்போது பயன்படுகின்றன. சமவெளியில் மெல்ல எழும்பித் தாழும் ஒரு பழைய குடியிருப்பு மேட்டையும், தூர்ந்துபோன அகழியையும் அதே அளவுகள் காட்டும். புதிதாக ஒரு ரூபாய் செலவழிக்காமல் அந்தத் தரவைத் தொல்லியல் துறைக்குக் கொடுக்க முடியும்.

வருவாய்த் துறை ஆவணங்களும் உதவும். பழைய கிராம வரைபடங்களிலும் புலப்படங்களிலும், விளைநிலங்களுக்கு நடுவே காரணமின்றித் தரிசாக விடப்பட்ட சிறு மேடுகள், குடியிருப்பே இல்லாத நத்தங்கள், கோட்டைமேடு என்றோ பானைமேடு என்றோ ஊரார் வழங்கும் பெயர்கள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. எந்தப் புல எண்ணில் உழும்போது கொழுமுனையில் ஓடு தட்டும் என்று ஒவ்வொரு ஊரிலும் சொல்லக்கூடிய ஒரு பெரியவர் இன்னும் இருக்கிறார். இவ்வளவையும் மேசையில் வைத்துத் தொகுத்த பிறகு, தடத்தின் இருபுறமும் வரிசையாக நடந்து மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். சந்தேகத்துக்குரிய இடத்தில் சிறிய ஆய்வுக்குழி போட வேண்டும். முக்கியமான இடம் என்று தெரிந்தால் தடத்தைச் சற்று ஒதுக்க வேண்டும். ஒதுக்கவே முடியாத இடத்தில், பொக்லைன் வருவதற்கு முன் முழுமையாக அகழ்ந்து பதிவுசெய்துவிட்டு நிலத்தை ஒப்படைக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலமெடுப்பு அறிவிக்கை வெளியான பிறகு தடத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது நில அளவை செய்த எனக்கு நன்றாகத் தெரியும். கல் நட்ட பிறகு நகர்த்துவது வழக்குகளில்தான் போய் முடியும். காகிதத்தில் கோடாக இருக்கும்போது அந்தக் கோட்டை முந்நூறு அடி தள்ளுவது மிக எளிது.

புதுச்சேரியோடு நீண்ட உறவு கொண்ட பிரான்சில் இது நாட்டின் சட்டமாகவே இருக்கிறது. முன்தடுப்புத் தொல்லியலுக்கென 2001 ஜனவரியில் அங்கே தனிச் சட்டம் இயற்றினார்கள். அந்தப் பணிக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 2002இல் ஏற்பட்டது. சாலையோ ரயில்பாதையோ குடியிருப்போ வரப்போகும் நிலத்தில், பொதுவாக மொத்தப் பரப்பில் 5 முதல் 10 விழுக்காடு வரை இயந்திரத்தால் நீள்குழிகள் வெட்டிப் பார்க்கிறார்கள். எதுவும் இல்லையென்றால் நிலம் உடனே விடுவிக்கப்படுகிறது. இருந்தால், அகழாய்வுச் செலவைத் திட்டத்தைக் கொண்டுவருபவர் ஏற்கிறார். பிரெஞ்சு அறிஞர்களின் ஆய்வு நிலையங்கள் இன்றும் இயங்கும் நகரம் புதுச்சேரி. அந்த நடைமுறையை நேரில் அறிந்தவர்களைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு நாம் கேட்காமல் இருக்கிறோம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. உலக வங்கிக் கடனில் நம் நாட்டில் போடும் சாலைக்கே, 2018 முதல் நடைமுறையில் உள்ள அந்த வங்கியின் எட்டாவது தரநிலை, பண்பாட்டு மரபுக்கு வரும் பாதிப்பை முன்கூட்டி மதிப்பிடச் சொல்கிறது. கடன் கொடுப்பவர் கேட்டால் செய்ய முடிந்த ஒன்றை, நம் வரிப்பணத்தில் போடும் சாலைக்கு நாமே கேட்டுச் செய்யலாம்.

காலதாமதம் ஆகும் என்ற அச்சம் பொறியாளர்களுக்கு இருக்கும். அது நியாயமான அச்சம்தான். விக்கிரவாண்டி–தஞ்சாவூர்ச் சாலையின் தாமதத்தால் பட்ட பாட்டை இந்த ஊர் மக்கள் மறக்கவில்லை. ஆனால் நிலமெடுப்புக்கும், மின்கம்பம், குடிநீர்க் குழாய் மாற்றுவதற்கும், மரம் வெட்ட அனுமதி வாங்குவதற்கும் எப்படியும் காலம் ஒதுக்குகிறீர்கள். தொல்லியல் மேலாய்வு அந்தக் காலத்துக்குள்ளேயே, அந்தப் பணிகளோடு சேர்ந்தே நடக்க முடியும். மதிப்பீட்டில் அதற்கென ஒரு தலைப்பு மட்டும் இருக்க வேண்டும். தலைப்பு இல்லாத செலவை எந்தப் பொறியாளரும் செய்ய முடியாது என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதில் உழவர்களின் பயத்தையும் பேசியாக வேண்டும். நிலத்தில் தாழி கிடைத்தது என்று சொன்னால் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும், கிணறு வெட்ட விடமாட்டார்கள், பட்டாவில் சிக்கல் வரும் என்று எங்கள் பக்கத்தில் உறுதியாக நம்புகிறார்கள். அதனால் கிடைத்ததை இரவோடு இரவாக உடைத்து வரப்பில் போட்டு மூடியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; முந்திரித் தோப்பு ஒன்றுதான் அவர்களுக்கு வாழ்வாதாரம். ஆய்வுக்குழி போட்டால் பயிருக்கும் மரத்துக்கும் இவ்வளவு இழப்பீடு, இத்தனை நாளில் குழி மூடப்படும், பதிவு செய்ததால் மட்டும் பட்டாவில் எந்த மாற்றமும் வராது என்று மாவட்ட ஆட்சியர் கையொப்பமிட்ட தமிழ் அறிவிப்பு ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படுமானால், மறைப்பவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

சிறு கனிம விதிகளின்படி மண் எடுக்க அனுமதி வழங்கும்போதும் இதே பார்வை வேண்டும். கனிம வளத் துறை அலுவலர் இடத்தைப் பார்வையிடும் நாளில் மாவட்டத் தொல்லியல் அலுவலரோ, அவர் அங்கீகரித்த கல்லூரி வரலாற்றுத் துறை ஆசிரியரோ உடன் போகட்டும். என் கோரிக்கைகளில் எதைத் தள்ளிவைத்தாலும் இதை மட்டும் தள்ளிவைக்க வேண்டாம் என்று வேண்டுகிறேன். சாலைத் தடமாவது ஒரே கோடு, எல்லோர் கண்ணிலும் படும். மண் குழிகள் முந்திரித் தோப்புகளுக்குள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் போனது போனதுதான்.

எல்லைப் பிரச்சினையும் ஒன்று இருக்கிறது. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர்க் கொம்யூன்களும் தமிழ்நாட்டு ஊராட்சிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. ஒரே ஏரியின் கரை இங்கே, பாசனம் அங்கே. பழைய குடியிருப்புகளுக்கு இந்த எல்லைக் கற்கள் தெரியாது. எனவே தமிழ்நாடு தொல்லியல் துறையும், புதுச்சேரி அரசும், இந்தியத் தொல்லியல் துறையும் இந்த வட்டாரத்துக்கெனக் கூட்டாக ஒரே மேலாய்வு வரைபடம் தயாரித்து, அதை நெடுஞ்சாலைத் திட்ட அலுவலகங்களுக்கும் கனிம வளத் துறைக்கும் கொடுத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கொள்ளைக்கு இடம் தராதபடி துல்லியமான இடக்குறிப்புகளை அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சம்பா அறுவடை முடிந்து, தை பிற்பகுதியிலும் மாசியிலும் வயல்கள் வெறுந்தரையாகக் கிடக்கும். மழை கழுவிய மண்ணில் ஓடுகள் தெளிவாகத் தெரியும் காலம் அது. அடுத்து திட்ட அறிக்கை நிலையில் இருக்கும் ஏதாவது ஒரு புறவழிச்சாலையை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அதன் தடத்திலும் அதற்கு மண் தரவிருக்கும் நிலங்களிலும் வரும் தை மாதத்திலேயே முதல் கள ஆய்வைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய புலப்படங்களைப் படிக்கவும், புல எல்லைகளைத் தரையில் காட்டவும் பணி ஓய்வு பெற்ற நில அளவர்கள் சிலர் இந்த வட்டத்தில் இருக்கிறோம். ஊதியம் எதுவும் எதிர்பாராமல் ஆய்வுக் குழுவோடு நடக்க அணியமாக இருக்கிறோம். எந்த நாளில், எந்த ஊருக்கு வர வேண்டும் என்று தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற நில அளவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.